இல்லாத படியில் ஏறியவர்

கடலூர் முதுநகரில் கருவாடு விற்கும் ஜெயசீலியின் வீட்டுக் காப்பீட்டைக் கம்பெனி ரத்து செய்துவிட்டது. மொட்டை மாடித் தளம் முழுக்க விரிசலாம். புயல் மாதம் நெருங்கும் நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அவள் விடாமல் புகார் செய்ததில், கம்பெனியின் கிளை மேலாளரே, விரிசல் என்று அறிக்கை எழுதிய ஆய்வாளர் தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தணிகாசலத்துக்குக் கல்யாண மண்டப மைக் மாதிரி குரல். "நான் சும்மா எழுதுற ஆள் இல்லம்மா! இதே வீட்டுப் படியில மூச்சு வாங்க ஏறி, விரிசல்ல விரலை விட்டுப் பார்த்தவன்!"

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்று பூனைக்குட்டிக் குரலில் சொன்னாள் ஜெயசீலி. "மேலாளர் ஐயாவுக்கும் அதைக் காட்டிடுங்க."

தணிகாசலம் மிடுக்காக உள்ளே போனார். ஒரு கதவைத் திறந்தார், சமையலறை. இன்னொன்றைத் திறந்தார், குளியலறை. பின்வாசலுக்குப் போனால் கோழிக்கூடுதான் இருந்தது. ஒரு கோழி அவரைப் பார்த்து 'கொக்' என்றது. திரும்பி வந்தபோது மைக்கில் கரண்ட் போயிருந்தது.

"படி... எந்தப் பக்கம்மா?"

"அதைத்தான் சார் நானும் கேக்கணும்னு இருந்தேன். காசு பத்தாம நாங்க படியே கட்டல. கொத்தனாரு இறங்கின அப்புறம் ஒருத்தரும் மேல போனதில்ல." ஜெயசீலி கருவாட்டுத் தட்டை அவர் கையில் வைத்தாள். "கீழ காயவெச்சா பூனை தூக்கிடுது. அன்னிக்கு ஏறின மாதிரியே ஏறி, இதை மேல பரப்பிட்டு வந்துடுங்க."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரத்துக் கடிதத்தை வாங்கிக் கிழித்தார். தணிகாசலம் கையிலிருந்த தட்டை மட்டும் யாரும் வாங்கவில்லை.