கிளையிலிருந்து விழுந்த காணிக்கை

கருமுகன் என்ற குரங்குக்கும் செவலை என்ற புள்ளிமானுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கண் அவனுடையது, மூக்கு அவளுடையது. அவன் நெல்லி மர உச்சியில் உட்கார்ந்து காட்டைப் பார்ப்பான். அவள் மரத்தடியில் மேய்ந்தபடி காற்றை முகர்வாள். சிறுத்தை கண்ணில் பட்டால் அவன் "கர்ர்... கஹ்!" என்று கத்துவான். அதன் வாடை வந்தால் அவள் குளம்பால் தரையைத் தட்டுவாள். யார் சொன்னாலும் மற்றவர் உடனே நம்பிவிட வேண்டும். எங்கே, எப்போது என்று விசாரித்துக்கொண்டு நின்றால் உயிர் மிஞ்சாது, பாருங்கள்.

ஒருநாள் காலையில் பலத்த காற்று அடித்தது. உச்சியில் இருந்த நல்ல நெல்லிக்காய்களெல்லாம் பொலபொலவென்று கீழே கொட்டிவிட்டன. செவலையும் அவள் குட்டியும் ஆசையாகத் தின்ன ஆரம்பித்தார்கள். மேலே கருமுகன் கைக்கு மிஞ்சியது பிஞ்சுகள்தான். பயலுக்கு வயிறு எரிந்தது.

"மரத்தைக் காப்பது நான். தின்பது இவர்களா?"

அவ்வளவுதான். வாயைத் திறந்தான். "கர்ர்... கஹ்!"

செவலை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். குட்டியின் பின்னங்கால் கல்லிடுக்கில் மாட்டி முறுக்கிக்கொண்டது. அது கதறியது மரத்தின் உச்சிவரை கேட்டது. கருமுகன் இறங்கினான், நெல்லிக்காய்களைத் தின்றான். ஒன்றும் ருசிக்கவில்லை. ஆனாலும் தின்றான்.

அதற்குப் பிறகு செவலை அந்த மரத்தடிக்கு வரவில்லை. நொண்டும் குட்டியோடு நாணல் பக்கம் போய்விட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு வாய் ஏது?

தினமும் விடியும்போது கருமுகன் கைகூப்பினான். "ஆண்டவரே, நான் செய்தது தப்புதான். மன்னித்துவிடும்." கொஞ்சம் பொறுத்து, "சரி, உமக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது, இல்லையா? செவலை அக்காவுக்கு எதற்கு வீணாகச் சொல்லிக்கொண்டு?" என்பான். ஆனால் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்காது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எல்லா உயிர்களும் ஆற்றோரப் பாறையில் கூடும். படைத்தவருக்கு ஆளுக்கொரு காணிக்கை வைக்கும். பாறையின் பக்கவாட்டில் ஒரு குழி இருக்கிறது. காணிக்கையை அதில்தான் வைக்க வேண்டும். வைக்கும் முன் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "என்மேல் உனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்க வேண்டும். "ஒன்றுமில்லை" என்று வந்தால்தான் குழிக்கு அருகில் போகலாம். "உண்டு" என்று வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு வர வேண்டும்.

கருமுகனின் இடம் செவலைக்குப் பக்கத்தில். பரம்பரை பரம்பரையாகக் குரங்கும் மானும் அங்கே சேர்ந்துதான் நிற்பார்கள். அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க அவனுக்குத் துணிவில்லை.

அதனால் ஒரு யோசனை செய்தான். குரங்குக்குத்தான் அப்படியெல்லாம் யோசனை வரும். பாறைக்கு மேலே ஒரு மருத மரக் கிளை நீண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அங்கே பக்கத்தில் யாரும் இல்லை. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மேலே இருந்தபடியே இருப்பதிலேயே பெரிய நெல்லிக்காயைப் பாறைமேல் போட்டான்.

அது டக்கென்று பட்டு, துள்ளி, உருண்டு சேற்றில் விழுந்தது.

இன்னொன்று போட்டான். அதுவும் சேற்றுக்குப் போனது. மூன்றாவதும் அப்படியே.

"கீழே வந்து வையேன்" என்றது ஆமை.

"மேலே இருந்தால் ஆண்டவருக்குப் பக்கம்" என்றான் கருமுகன். சிலர் சிரித்தார்கள். செவலை சிரிக்கவில்லை. அவள் பார்வை அவன்மேலேயே இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

திருப்பிய இடத்தில் நாணல் அசைந்தது.

மற்ற நாணலெல்லாம் காற்றுக்குச் சாய்ந்தபோது அந்த ஒரு கொத்து மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதற்குள் மஞ்சள் தோல், கரும்புள்ளி, தரையோடு தரையாக ஒரு தலை. அதற்கு முன்னால், கல் சரிவில் ஏற முடியாமல் படுத்திருந்தது செவலையின் குட்டி.

"கர்ர்... கஹ்! கர்ர்... கஹ்!"

எல்லோரும் செவலையைப் பார்த்தார்கள். அவள் மூக்கைத் தூக்கினாள். காற்று பாறையிலிருந்து நாணல் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவளுக்கு எந்த வாடையும் எட்டவில்லை. முன்பெல்லாம் அவன் சத்தம் கேட்டதுமே ஓடுகிறவள், இப்போது அசையவில்லை. அண்ணாந்து அவனைப் பார்த்தபடி நின்றாள். அவள் அசையாததால் வேறு யாரும் அசையவில்லை.

அந்தப் பார்வையில் கருமுகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நாணல் இன்னும் கொஞ்சம் விலகியது. குட்டி ஒன்றும் அறியாமல் காதை ஆட்டிக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் இனி யார் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசுவார்கள்? சொல்லாவிட்டால் குட்டி போய்விடும்.

"ஆண்டவரே, கூட இரும்" என்றான். கிளையை விட்டான். தொப்பென்று செவலையின் முன்னால் குதித்தான்.

"அக்கா, அன்றைக்கு நான் கத்தியது பொய். நெல்லிக்காய்க்கு ஆசைப்பட்டுக் கத்தினேன். குட்டியின் கால் என்னால்தான் போனது. என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் இது நிஜம், அக்கா. நாணலில் இருக்கிறது. உன் குட்டிக்குப் பின்னால்."

சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. சரிவில் இறங்கி ஓடினான். குட்டிக்கும் நாணலுக்கும் நடுவில் போய் நின்றான்.

நாணலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மரத்தை விட்டு வந்துவிட்டாயே, குரங்கே. குட்டியை விட நீ பக்கத்தில் இருக்கிறாய்."

"தெரியும்" என்றான் கருமுகன். மரம் எவ்வளவு தூரம் என்று திரும்பிப் பார்க்கவும் அவனுக்குப் பயமாக இருந்தது. "கர்ர்... கஹ்!" என்று சிறுத்தையின் முகத்துக்கு நேராகக் கத்தினான்.

சிறுத்தை முதுகைச் சுருக்கியது.

அப்போது அவன் தோளுக்குப் பக்கத்தில் தட், தட் என்று தரை அதிர்ந்தது. செவலை வந்து நின்று குளம்பால் தட்டினாள். அவள் குளம்புச் சத்தம் கேட்டதும் பாறையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பி நாணலைப் பார்த்தார்கள். மயில் அகவியது, காட்டுக்கோழி கூவியது. சரிவு முழுக்கச் சத்தம்.

பதுங்கி வருவதுதான் சிறுத்தையின் பலம். இத்தனை கண் பார்த்த பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. "இன்றைக்குப் பிழைத்துப் போ" என்று உறுமிவிட்டு நாணலுக்குள் திரும்பி நடந்தது.

கருமுகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். செவலை குட்டியை மேலெல்லாம் நக்கிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா?"

"அன்றைக்கே திரும்பி வந்து மரத்தைச் சுற்றி முகர்ந்தேன். சிறுத்தை வாடையே இல்லை. நீயாக வந்து சொல்வாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், தம்பி."

அவனுக்குக் கண்ணீர் முட்டியது. எழுந்து கைகூப்பி நின்று அந்தக் கேள்வியைக் கேட்டான். "என்மேல் உனக்கு ஏதாவது உண்டா?"

"உண்டு. குட்டியின் கால் ஆற நாளாகும். அதுவரை இளந்தழை நீதான் பறித்துப் போட வேண்டும்."

"போடுகிறேன், அக்கா. ஆறின பிறகும் போடுகிறேன்."

"அப்படியானால் ஒன்றுமில்லை" என்றாள் செவலை.

இருவரும் பாறைக்கு நடந்தார்கள். கருமுகனிடம் காணிக்கை எதுவும் மிச்சமில்லை. சேற்றில் கிடந்த ஒரு நெல்லிக்காயை எடுத்தான். குழியின் விளிம்பில் வைத்தான். செவலை மூக்கால் மெல்லத் தள்ளிவிட்டாள். நெல்லிக்காய் குழிக்குள் போய் நின்றது. பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அப்போதுதான் அவனை விட்டு இறங்கியது.

ஆண்டவரோடு ஒப்புரவாக விரும்புகிறவர் முதலில் தாம் நோகடித்தவரிடம் இறங்கிப் போக வேண்டும்; அந்த வழியில்தான் ஆண்டவரும் காத்துக்கொண்டிருக்கிறார்.