உயரமான சிவப்புப் பட்டை

“அஞ்சே மாசத்துல எடை ரெண்டு மடங்கு! இப்படியே விட்டா எங்க போய் நிக்குமோ!”

கல்லூரி வராந்தாவில் யாரோ சொன்னது காதில் விழுந்ததும் தணிகாசலம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், மருத்துவ முகாமின் எடைக்கருவியில் நூலக உதவியாளர் செல்லக்கிளியின் கைக்குழந்தை கிடந்தது. இழுத்த வயிற்றை விட்டார். அவரைக் காலையிலேயே எடை பார்த்து, ‘இனிப்பு கூடாது, எண்ணெய் கூடாது’ என்று ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அது சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டு வயதில் தணிகாசலம் ஆராய்ச்சி மாணவர். நெறியாளர் ஜெபராணிக்கு அவருடைய மகள் வயது. கடைசி அத்தியாயத்தில் ஐந்து மணிக்குள் ஜெபராணி கையெழுத்துப் போடாவிட்டால் பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். மணி நாலரை. வராந்தாவை ஒட்டியிருந்த ஜெபராணியின் அறைக்குள் போய் அத்தியாயத்தை மேசையில் விரித்தார்.

“ஆப்பிரிக்க நாடுகள் வெளியேத்துற கரியமில வாயு, மேடம். பத்து வருஷத்துல எது எவ்வளவு வேகமா ஏறிச்சுன்னு போட்டிருக்கேன்.”

படத்தில் எத்தியோப்பியாவின் சிவப்புப் பட்டை தாளின் மேல்விளிம்பை முட்டியது. ஒப்பிடுவதற்காகப் போட்ட பணக்கார நாடுகள் அடியில் படுத்துக் கிடந்தன.

“முடிவா என்ன சொல்றீங்க, சார்?”

“யாரை முதல்ல கட்டுப்படுத்தணும்னு படமே சொல்லுதே மேடம். ரெண்டு மடங்குக்கு மேல! பாவம்னு விட்டுட முடியுமா?”

“பணக்கார நாடுங்க?”

“அதுங்க அடக்கமா இருக்கு. ஏறவே இல்ல.”

ஜெபராணி பேனாவைத் திறந்தார். தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. பேனாவை மூடினார்.

“உங்க எடை எவ்வளவு சார்?”

“நூத்தி நாலு. போன முகாம்லயும் அதேதான். ஒரு கிராம் ஏறல!”

“செல்லக்கிளி, பிள்ளையக் கொஞ்சம் தூக்கிட்டு வாம்மா. எவ்வளவு இருக்கான்?”

“ஆறு கிலோ மேடம். பிறந்தப்போ மூணு.”

“சார், டாக்டர் குடுத்த அட்டையக் குடுங்க.”

கொடுத்தார். ஜெபராணி அதைக் குழந்தையின் கையில் செருகினார். குழந்தை உடனே அதை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது.

“மேடம், அது என்னோடது!”

“உங்க படத்தப் பார்த்துத்தான் குடுத்தேன், சார். ரெண்டு மடங்கு ஏறினது இவன்தானே.”

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தணிகாசலம் குழந்தையின் வாயிலிருந்து அட்டையை மெதுவாக உருவினார். எச்சிலை வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மேசையில் இருந்த அத்தியாயத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.