முயல் கறிப் பத்தியம்

தில்லைநாயகம் நாற்பது வயதுக்கு மேல் வைத்தியம் படிக்க வந்தவர். குருவாக வாய்த்த உலகம்மை அவரைவிட ஐந்து வயது இளையவள். ஆனாலும் வாய் நிறைய 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஏடு படிப்பதில் மனிதர் புலி. அதுதான் வினையாகப் போயிற்று.

மலையில் செவணன் என்ற வேடன் விஷக்காய்ச்சலில் விழுந்து பிழைத்திருந்தான். உலகம்மை வெளியூர் போயிருந்த நேரம் அது. தில்லைநாயகம் ஏட்டைப் புரட்டினார். முயல் கறியில் கொழுப்பு கிடையாது, லேசில் செரிக்கும், வற்றின உடம்பைத் தேற்றும் என்றிருந்தது. சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"முயல் கறி மட்டும் கொடு. வேறெதையும் கண்ணில் காட்டாதே," என்று செவணன் பெண்டாட்டி கெம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

செவணனின் தம்பிமார் கண்ணி வைத்து நாள் தவறாமல் முயல் பிடித்துவந்தார்கள். எட்டாம் நாள் கெம்பி வந்து, "இன்னும் தேறலையே சாமி," என்றாள். "ஒன்று போதாது, இரண்டாகக் கொடு," என்று அனுப்பிவிட்டார் நம்மவர்.

பன்னிரண்டாம் நாள் அவள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். நல்லவேளை, உலகம்மை ஊர் திரும்பியிருந்தாள்.

"வயிறு முட்டத் தின்னுறாரு தாயி. கை காயறதுக்குள்ள பசி பசின்னு கத்துறாரு. வயித்தாலயும் போகுது. செத்துருவாரோன்னு பயமா இருக்கு."

மூவரும் மலையேறினார்கள். செவணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். உலகம்மை நாடி பார்த்தாள்.

"நீங்கள்லாம் என்னம்மா சாப்பிட்டீங்க?"

"சாமைச் சோறும் கீரையும்தான். இவரும் ஒரு வாய் குடுன்னு கேட்டுக் கேட்டு அழுதாரு. சாமி சொல்லியிருக்காரேன்னு நான்தான் பானையை மறைச்சு வச்சேன்."

பாவம், அந்தப் பெண் தம் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லையே என்றுதான் தில்லைநாயகத்துக்கு இன்னும் வலித்தது.

உலகம்மை திட்டவில்லை. சாமைக் கஞ்சியைக் குழையக் கரைத்து, நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே ஊட்டுங்க."

ஊட்டினார். ஆறு நாள் அங்கேயே கிடந்து வேளாவேளைக்கு ஊட்டினார். ஏழாம் நாள் செவணன் தானாக எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். சோற்றுக்குப் பக்கத்தில் முயல் கறியும் இருந்தது.

இறங்கி வரும்போது தில்லைநாயகம் மெல்லக் கேட்டார்.

"அம்மா, ஏட்டில் இருந்தது பொய்யா?"

"பொய் இல்லை. முயல் கறி நல்ல கறிதான். கொழுப்பில்லாத அதையே தனியாத் தின்னா எவ்வளவு தின்னாலும் உடம்பு வத்திப்போகும்."

"சோற்றோடு கொடு, எண்ணெயோடு கொடு என்று அதில் ஒரு வரிகூட இல்லையே?"

"எழுதினவரு வீட்ல தினமும் உலை கொதிச்சிருக்கும். அதைப் போய் எழுதணுமான்னு விட்டிருப்பாரு."

"அப்படியென்றால் எனக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மை நின்றாள்.

"பன்னெண்டு நாளா அவன் வாயைத் திறந்து சொல்லிக்கிட்டே இருந்தானே, நாயகம்."