வேலாத்தாள் தலையில் விழுந்த சிக்கு

குருவி பேசினால் மனுஷருக்கு விளங்கும், மனுஷர் பேசினால் குருவிக்கு விளங்கும் என்று இருந்த காலம் அது. விளங்கி என்ன பிரயோசனம்? காது கொடுத்துக் கேட்டால்தானே! கேட்காத ஒருத்தியால்தான் இன்றைக்கு நீளமுடிக்காரிகள் எல்லோரும் சீப்பும் கையுமாக உட்கார்ந்து கண்ணீர் விடுகிறார்கள்.

அப்போதெல்லாம் முடிக்குச் சிக்கு விழத் தெரியாது. ஆற்றில் முங்கி எழுந்தாலும், காற்றில் அலைந்தாலும், ஒரு உதறு உதறினால் போதும், இழை இழையாகப் பிரிந்து விழுந்துவிடும். சீப்பு வகிடு எடுக்க மட்டும்தான்.

மலையடிவாரத்தில் ஒரு கூரை வீட்டில் வேலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். முடி கணுக்காலைத் தொடும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கூட இருந்த நாத்தனார் பாப்பாயி அவளிடம் உப்பு கேட்பதென்றால்கூட முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்பாள். புருஷன்காரன் ஆடு மேய்க்கிற சாக்கில் மலைமேலேயே கிடந்தான். கெட்டிக்காரன்.

தலையை உதறும்போது உதிர்கிற முடியைத் தரையில் போடக்கூடாது, மிதிபட்டால் ஆகாது என்று வேலாத்தாள் அதைக் கூரை இடுக்கில் செருகி வைப்பாள். அதே கூரையின் குறுக்கு விட்டத்தில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. கருகருவென்று, எண்ணெய் மணத்தோடு, பக்கத்திலேயே முடி கிடைத்தால் எந்தக் குருவிதான் விடும்? இழுத்துக்கொண்டு போய்க் கூட்டுக்குள் மெத்தை போட்டது. அந்த மெத்தையில் ஒரே ஒரு குஞ்சு பொரித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலாத்தாள் தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குருவி பதறியடித்துக்கொண்டு வந்து அம்மி மேல் உட்கார்ந்தது.

"அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்கக்கா. குஞ்சு காலில் உங்க முடி சுத்திக்கிச்சு. நான் மூக்கால இழுத்தா இன்னும் இறுகுது. உங்களுக்குத்தான் விரல் இருக்கே, அவிழ்த்து விடுங்கக்கா."

"கை பூரா எண்ணெயா இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? போ, அப்புறம் பாக்கலாம்."

குளித்துவிட்டு வந்தாள். சாம்பிராணிக் கூடையின் மேல் முடியைப் பரப்பிப் போட்டு உட்கார்ந்தாள். குருவி மறுபடியும் வந்தது.

"அக்கா, கால் வீங்கிடுச்சு. முடி சதைக்குள்ள போகுது."

"உன்னை யாரு என் முடியை எடுக்கச் சொன்னா? கேட்டா எடுத்தே?"

"என் வாசல்ல கொண்டாந்து செருகினது நீங்கதானேக்கா."

"வாய் வேற! எந்திரிச்சேன்னா தெரியும்."

மூன்றாம் முறை குருவி வந்தபோது வேலாத்தாள் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள். கண் சொக்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் படுக்கக்கூடாது என்று ஊரே சொல்லும். அவள் ஊர் சொல்லை என்றைக்குக் கேட்டாள்? கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, முடியைத் தலைமாட்டில் தரைவரைக்கும் தொங்கவிட்டாள்.

"அக்கா, குஞ்சு கத்தக்கூட முடியாம கிடக்குது. உங்க காலில் விழறேன்."

வேலாத்தாள் கையில் கிடைத்த மரச்சீப்பை எடுத்து வீசினாள். சீப்பு குருவியின் இறக்கையில் பட்டு, இரண்டு இறகு பறந்து விழுந்தது. அவள் புரண்டு படுத்துக் குறட்டை விட்டாள்.

குருவிக்கு வந்ததே ஒரு கோபம்! அவ்வளவூண்டு உடம்பில் அத்தனை கோபம் எங்கேதான் இருந்ததோ. நேராகப் பறந்து அவள் தலைமாட்டுக்கு வந்தது. ஒரு இழையை எடுத்தது, பக்கத்து இழையில் நுழைத்தது, மூன்றாவதோடு சேர்த்துச் சுருக்கிட்டது. கூடு கட்டத் தெரிந்த மூக்குக்கு முடிச்சுப் போடத் தெரியாதா?

"இப்படித்தான் என் பிள்ளை காலைச் சுத்தினே. இப்படித்தான் சுத்திக்கோ" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் முடியிடம் சொல்லிச் சொல்லிப் போட்டது. அதுவரை தலையில் இருக்கும்போது முடிச்சே அறியாத முடி அன்றைக்குக் கற்றுக்கொண்டது.

வெயில் தாழ எழுந்த வேலாத்தாள் பழக்கத்தில் தலையை ஒரு உதறு உதறினாள். முடி பிரியவில்லை. கையை விட்டுப் பார்த்தாள். பிடரியில் தேன்கூடு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

"அடி பாவி மவளே! எவடி என் தலையில கை வெச்சது? பாப்பாயி!"

"நான் கிணத்தடியிலதான் இருந்தேன் அண்ணி, ஆத்தா சத்தியமா" என்று ஓடி வந்தாள் பாப்பாயி.

வேலாத்தாள் சீப்பை எடுத்து உச்சியில் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இழுத்தாள். மேலே இருந்த முடிச்சு இறங்கிக் கீழே இருந்ததோடு சேர்ந்தது. இரண்டும் மூன்றாவதோடு சேர்ந்தன. இழுக்க இழுக்க இறுகியது. சீப்புப் பல் நான்கு ஒடிந்தது. தோல் கழன்று வந்துவிடும் போலிருந்தது. அவள் விடவில்லை. முடியையே எதிரியாக நினைத்து, திட்டிக்கொண்டே இழுத்தாள்.

விட்டத்திலிருந்து குருவி பேசியது. இப்போது அக்காவும் இல்லை, மரியாதையும் இல்லை.

"இழுடி. நல்லா இழு. என் பிள்ளையும் காலையிலிருந்து அப்படித்தான் காலை இழுத்துக்கிட்டு இருக்குது."

"ஓ, உன் வேலைதானா! உன் கூட்டைப் பிய்த்து எறியலைன்னா நான் வேலாத்தா இல்லை!"

உரலைப் புரட்டிக் கொண்டுவந்து போட்டு, அதன் மேல் ஏறிக் கூட்டுக்குள் கையை விட்டாள். குருவி அவள் கையைக் கொத்தியது, காதைக் கொத்தியது. இரத்தம் வந்தது. அவள் ஒரே பிடியாகக் கூட்டைப் பிடுங்கினாள். கூட்டோடு குஞ்சும் வந்தது, கால் முடியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு.

வேலாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தக் கால் புளியம்பழத்து நார் மாதிரி இருந்தது. முடி எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. குஞ்சு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தன் தலைமுடியை இழுத்தது போலவே காலில் சுற்றியிருந்த முடியையும் ஒரு இழுப்பு இழுத்தாள். குஞ்சின் உடம்பே துடித்துச் சுருண்டது.

"அண்ணி, அருவாமனை கொண்டாரட்டுமா? அறுத்துடலாம்."

"அறுத்தா காலும் சேர்ந்து போயிரும்டி. கிட்ட வராதே."

உரலிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். குஞ்சை முந்தானையில் வைத்தாள். எங்கேயாவது ஒரு நுனி இருக்கும் அல்லவா? அதைத் தேடினாள். எண்ணெய் வைத்தால் இளகும், ஆனால் குஞ்சின் இறகில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அதனால் எச்சிலைத் தொட்டு முடிச்சில் வைத்தாள். ஒரு கையால் காலை அசங்காமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் நுனியை மட்டும் கொஞ்சம் தளர்த்தினாள். அதை எடுத்தபிறகு அதற்கு மேலே உள்ளது. பிறகு அதற்கும் மேலே. இழுக்கவே இல்லை. வாழ்க்கையில் அவள் பொறுமையாகச் செய்த முதல் வேலை அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசிச் சுற்றும் கழன்றது. அதோடு பாதமும் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அரிசி அளவுதான் இருக்கும்.

குஞ்சு பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒற்றைக் காலோடு.

"நான் என்ன வேணாலும் பண்றேன். சொல்லு" என்றாள் வேலாத்தாள்.

"காலையில வந்திருந்தா ஒரு நொடி வேலை" என்றது குருவி. "கையில எண்ணெய் இருந்தா என்ன? துடைச்சுட்டு வந்திருக்கலாமே. இனி நீ என்ன பண்ணி என்ன? உன் தலையில நான் போட்டது உன் பிள்ளை தலைக்கும் வரும், அதோட பிள்ளைக்கும் வரும். ஒரு நாள் கவனிக்காம விட்டா விழும். இழுத்தா இறுகும். என் பிள்ளை காலை அவிழ்த்த மாதிரி உட்கார்ந்து அவிழ்த்தாத்தான் அவிழும்."

சொல்லிவிட்டுக் குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்தக் கூரைக்குத் திரும்பவே இல்லை.

வேலாத்தாள் இரண்டு நாள் உட்கார்ந்து தன் தலையை அவிழ்த்தாள். நுனியில் எண்ணெய் தொட்டு, முடிச்சுக்கு மேலே கையால் இறுக்கிப் பிடித்து, கீழே இருந்து மேலே வந்தாள். அவிழ்த்ததும் மூன்று கால் எடுத்துப் பின்னினாள், அவிழ்த்துப் போட்டுக்கொண்டு படுப்பதை விட்டாள். உதிர்ந்த முடியைக் கூரையில் செருகவில்லை. விரலில் சுற்றி, நுனி வெளியே நீட்டாமல் உள்ளே மடித்து, எச்சில் துப்பி உருட்டிப் பந்தாக்கினாள். எந்தக் காலிலும் அது சுற்றக்கூடாதே. பாப்பாயி பார்த்தாள், பாப்பாயியைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரிகள் செய்தார்கள். முடியோ அதற்கு முன்பே முடிக்குச் சொல்லி, ஊர் ஊராகச் சிக்கைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டுத்தான் நுனியிலிருந்து பொறுமையாக வருகிறவளுக்குச் சிக்கு அவிழ்கிறது, ஆத்திரப்பட்டு உச்சியில் சீப்பை வைத்து இழுக்கிறவளுக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. வலிக்கட்டும். அந்தக் குஞ்சுக்கு இதைவிட வலித்தது.