நாலே நகர்த்தலில் ஜெயித்த நரி

அல்லிக்குளத்தங்கரையில் சதுரங்கப் போட்டி நடந்தது. ஜெயிப்பவருக்குக் கோடை முழுக்க நாவல் மரத்தடி சொந்தம்.

நரி சிங்காரத்துக்கு நிழல் மேல் ஆசையில்லை. அந்த மரத்தடி மணலில்தான் ஆமை அலமேலு முட்டையிட்டுப் புதைத்திருந்தாள். நினைக்கும்போதே அவனுக்கு எச்சில் ஊறியது.

அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொடக்கம். முதலில் சிப்பாய், அடுத்து மந்திரி, பிறகு ராணி. நாலாவதாக ராணி பாய்ந்து, எதிரி ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டும். ராஜா தப்பவே முடியாது! முயல், கீரி, அணில் மூவரும் இப்படித்தான் மண்ணைக் கவ்வினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் சிங்காரம் பலகையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டே ஆடினான். அவ்வளவு திமிர்!

மூன்று ஆட்டங்களையும் அலமேலு கண் கொட்டாமல் பார்த்தாள்.

தன் ஆட்டங்களை ஜெயித்து வந்த அவளும் அவனும் இறுதி ஆட்டத்தில் மோதினார்கள்.

"வைத்துக் கையை எடுத்த காயைத் திரும்பத் தொடக் கூடாது!" என்றது நடுவர் கொக்கு.

"அலமேலக்கா, எனக்குச் சாப்பாட்டு நேரமாச்சு. சீக்கிரம் முடிச்சிடலாமா?"

"உன் இஷ்டம் தம்பி!"

சிப்பாய் வந்தது. மந்திரி வந்தார். ராணியும் வந்தாள். அலமேலு தன் குதிரையைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"குதிரையை யாராவது ஓரத்துல வைப்பாங்களா அக்கா?"

"அங்கேதானே தம்பி புல்லு நிறைய இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரம் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்று, பார்க்காமலே ராணியால் சிப்பாயை வெட்டினான்.

"நாலு! ஆட்டம் முடிஞ்சுது!"

"முடியலையே தம்பி!" என்றாள் அலமேலு. ஓரத்துக் குதிரை தாவி வந்து ராணியை வெட்டியது.

"ஐயையோ, குதிரையைக் கவனிக்கலையே! நடுவரே, ராணியை வேற இடத்துல வச்சுக்கறேனே!"

"கையை எடுத்தாச்சு!" என்றது கொக்கு.

சிங்காரம் மெல்ல முயலிடம் குனிந்தான். "தம்பி, அஞ்சாவதா என்ன ஆடணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எங்க யாரையும் அஞ்சாவது வரைக்கும் விடலையே!"

அதன்பின் அவன் தோற்க வெகுநேரம் ஆகவில்லை. பத்து நாள் கழித்து நாவல் மரத்தடியிலிருந்து குட்டி ஆமைகள் குளத்துக்கு ஊர்ந்து போயின. சிங்காரம் தூரத்தில் நின்று எண்ணிப் பார்த்தான். இருபத்திரண்டு!

சில முறை பலித்த தந்திரத்தையே நம்பி, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாராதவர் தோற்றே போவார்.