மஞ்சள் கயிறு கட்டிய தேங்காய்

முதல் கல்லைப் போட ராஜா கையை உயர்த்தியபோது நீர்க்கட்டி மாடத்தி குறுக்கே வந்து நின்றாள்.

ஆற்றின் மடைகளைத் திறப்பதும் அடைப்பதும் அவள் வேலை. அப்பா காலமான பிறகு பதினோரு வருஷமாக அதைத்தான் பார்க்கிறாள். அவளை யாரும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. ராஜாவுக்கும் குறுக்கே ஆள் நின்று பழக்கமில்லை. கல்லைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார்.

ஆலங்கோட்டையை ஆண்ட உக்கிரசேன மகாராஜாவின் காலம் அது. பக்கத்து வேம்பூர் ராஜா ஒரு கூடை மாம்பழம் அனுப்பியிருந்தார். அதில் ஒன்று புளித்தது. மகாராஜா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பிரதானி அனந்தப்பர் அவர் காதோரம் யோசனை சொன்னார். சில்லாறு நம் குதிரைமலையில் பிறக்கிறது. எல்லைப் பாறையைத் தாண்டி வேம்பூருக்குள் போகிறது. பாறை இடுக்கில் கல்லை அடுக்கினால் போதும், மாம்பழம் என்ன, அவர்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இருக்காது.

அந்த எல்லைப் பாறையில் நின்றுதான் மகாராஜா இப்போது வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றை ஆற்றில் துப்பினார். அது சிவப்பாக நெளிந்து எல்லையைத் தாண்டியது. "போய்ச் சேரட்டும்" என்றார் அனந்தப்பர். எல்லோரும் சிரித்தார்கள். மாடத்தி மட்டும் சாறு போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் வேம்பூரின் கையாள் என்று அனந்தப்பர் அங்கேயே தலையை வாங்கிவிடுவார் என்பதும் தெரியும். அரண்மனையில் நாட்டின் மலையையும் ஆற்றையும் வரைந்த ஒரு பெரிய துணிப்படம் உண்டு. பகைவன் நாட்டை வரைவது மரியாதைக் குறைவு என்று மூன்று தலைமுறையாக எல்லைக்கு அப்பால் துணியை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த வெறுமைக்குள் ஆறு போய்விட்டால், அரண்மனையைப் பொறுத்தவரை அது தீர்ந்தது.

மாடத்தி கும்பிட்டாள். மடை அடைக்குமுன் மஞ்சள் கயிறு கட்டிய தேங்காயை ஆற்றில் விடுவது நீர்க்கட்டிகளின் வழக்கம் என்றாள். எந்த ஊர்க்காரரும் அதை எடுக்கமாட்டார்கள், கரையில் ஒதுங்கினால் தள்ளிவிடுவார்கள். அது கடைசியாக எந்த வாசலில் போய் நிற்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் தண்ணீர் நிற்கப்போகிறது. மகாராஜா தம் முத்திரையை அரக்கில் பதித்து விட்டால், இதே தேங்காய்தானா என்று பிறகு சந்தேகம் வராது.

"வேம்பூர்க்காரன் வாசலில்தான் நிற்கும். வேறெங்கே போகும்?" என்றார் அனந்தப்பர்.

"நாலு நாள் பொறுக்கலாமே, ஐயா."

"அங்கே நின்றால் உன் தலை போகும், சம்மதமா?"

"சம்மதம். வேறு எங்காவது நின்றால்?"

"அது போன வழி முழுக்க நான் கால்நடையாகப் போய்வருகிறேன்" என்றார் அனந்தப்பர், பல்லக்கில் சாய்ந்தபடி.

மகாராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். முத்திரை பதித்த தேங்காயைத் தம் கையாலேயே ஆற்றில் விட்டார். கொத்தர்களைக் கல்லோடு காத்திருக்கச் சொன்னார். மாடத்தியைக் காவலோடு அரண்மனைக்கு அழைத்துவந்தார்கள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாடத்தி அரண்மனைப் படித்துறையில் உட்கார்ந்து அரசியாற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகாராஜாவின் பாட்டி படி கட்டியதால் அந்தப் பெயர். காவலர்கள் அவளிடம் நீச்சல் தெரியுமா என்று கேலியாகக் கேட்டார்கள். எந்த ஊர்க்காரனாவது பசிக்கு உடைத்துத் தின்றிருந்தால் என்று ஒரு தரம் நினைத்தாள். பிறகு நினைக்கவில்லை.

நாலாம் நாள் காலை மகாராஜா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். ஏதோ முழங்கையில் முட்டியது. தள்ளினார், மறுபடி முட்டியது. எடுத்துப் பார்த்தார். நார் ஊறிக் கறுத்திருந்தது. கயிறு வெளுத்திருந்தது. அரக்கில் அவருடைய சிங்கம் அப்படியே இருந்தது.

மாடத்தி படியிலிருந்து எழுந்து நின்றாள்.

"இது அரசியாறு அல்லவா?" என்றார் மகாராஜா.

"இங்கே வந்தால் அரசியாறு, மேலே சில்லாறு. நடுவில் வேம்பூர்க்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிரதானி ஐயா நடந்துபோய்க் கேட்டுவரட்டும், மகாராஜா."

மகாராஜா தேங்காயைப் பார்த்தார், குடிநீர்க் குடங்களோடு நின்ற ஆட்களைப் பார்த்தார், பிறகு படி அதிரச் சிரித்தார். அனந்தப்பர் பல்லக்கைத் திரும்பிப் பார்த்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

பதினேழு நாள் கழித்து அவர் பாதம் வெடித்துத் திரும்பிவந்தார். சபையில் நின்றபடியே சொன்னார். ஆறு எந்தப் பாறையில் திரும்புகிறது, எந்த வெள்ளம் எந்தக் கோயில் மணியைக் கொண்டுபோனது, பஞ்ச வருஷத்தில் இரு கரைக்காரரும் எந்த மணலில் சேர்ந்து ஊற்றுத் தோண்டினார்கள் என்று எல்லாம் சொன்னார். வேம்பூரில் அதற்குப் பெயர் ஆலங்கோட்டைத் தண்ணீர் என்றபோது அவர் குரல் இறங்கியது. அரண்மனையைத் தாண்டியும் அது மறுபடி வேம்பூரின் மூன்று ஊர்களுக்குள் போகிறது என்று முடித்தார்.

துணிப்படத்தை இறக்கி வெறுமையை நிரப்பச் சொன்னார் மகாராஜா. ஓவியனுக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்லும் வேலை அனந்தப்பருக்கு. மாடத்திக்குச் சபையில் ஆசனம். அவள் வராமல் ஆற்றைப் பற்றிப் பேச்செடுக்கக்கூடாது. எல்லையில் ஆற்றை அடைக்கக் குவித்திருந்த கற்களைக் கேட்டு வாங்கி, வேம்பூர்க் கரைக்கும் சேர்த்து இரண்டு படித்துறை கட்டினாள்.

திறப்புக்கு வந்த மகாராஜா புதுப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. குனிந்தவர் நிமிர்ந்தார். ஒன்பது படி ஏறி, கரையைத் தாண்டி, ஓர் அரளிச் செடியின் தூரில் துப்பிவிட்டு இறங்கிவந்தார்.