பக்கம் மாறும் நேரம்

"எல்லாரும் பாதியிலயே எந்திரிச்சுப் போயிடறாங்க, குருவம்மா. என் வேலையில என்ன தப்புன்னு தெரியலீங்க," என்றான் சீடன் செங்கோடன்.

குருவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சில வாரங்களுக்குப் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அதனால் மாலைச் சொற்பொழிவை அவர் எழுதிக் கொடுத்தார். செங்கோடன் அதைத் தட்டச்சு செய்தான்.

மடத்துக் கூடத்தில் இருந்த பழைய டிவி எழுத்துக் கோப்பைத் திறக்காது. ஏவிஐ என்ற வகை வீடியோ மட்டும்தான் அதில் ஓடும். அவன் எழுத்துப் பக்கங்களை வீடியோவாக மாற்றி, பென் டிரைவில் ஏற்றி வந்தான்.

அவன் குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி. மடம் அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது.

"திரையில எழுத்து எதுவும் உடையல. ஒரு பிழை இல்ல. நான் படிச்சு முடிச்ச பிறகுதான் ஒவ்வொரு பக்கமும் மாறுது. இன்னைக்கும் கூட்டம் கலைஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

குரு அவனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

மலையடிவாரத்து ஜனங்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் அவன் அம்மா. முதியோர் வகுப்பில் போன வருடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றவர்.

"கண்ணு, இன்னைக்காவது மெதுவா ஓட்டு," என்றார் அம்மா. "உன் எழுத்தெல்லாம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுது."

பெண்கள் சிரித்தார்கள். செங்கோடனுக்கு முகம் சுட்டது.

அவன் வழக்கம்போலத் திரையைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

குரு நாற்காலியோடு அவனைத் திருப்பினார். இப்போது டிவி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூட்டம் அவன் முன்னால்.

ரிமோட்டை அவன் கையில் வைத்தார்.

"குருவம்மா, திரையைப் பார்க்காம நான் எப்படி..."

குரு தரையில், ஜனங்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

வீடியோ ஓடத் தொடங்கியது.

அவன் முன்னால் எத்தனையோ உதடுகள் அசைந்தன. சில வேகமாக. சில தயங்கி. அம்மாவின் விரல் காற்றில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு நகர்ந்தது.

பக்கம் மாற இன்னும் ஒரு நொடி இருந்திருக்கும்.

செங்கோடன் ரிமோட்டைப் பின்னால் நீட்டி வீடியோவை நிறுத்தினான்.

நேரம் போனது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"போலாமாக்கா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருடி. இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு."